ஏற்காட்டில் குளிர்தாங்கு பனைகள்

குளிர்தாங்கு பனைகள் என்பன, பனைக் குடும்பத்தைச் சேர்ந்த தாவரங்களுள் குறைந்த வெப்பநிலையையும் உறைபனியையும் தாங்கி வளரக்கூடிய இனங்கள் ஆகும். அரிக்கேசியே எனப்படும் இக்குடும்பத்தில் ஏறத்தாழ 2600 இனங்கள் உள்ளன. தென்னை, பனை, கமுகு, ஈச்சை, கூந்தற்பனை ஆகியன தமிழகத்தில் நன்கு அறியப்பட்டவை. இவ்வினங்களுள் பெரும்பான்மையானவை வெப்ப மண்டலத்துக்கு உரியவை. குளிர்ப்பகுதிகளில் வளர்பவை மிகச் சிலவே. சேலம் மாவட்டத்தில் சேர்வராயன் மலைமீது அமைந்துள்ள ஏற்காடு போன்ற ஊர்களில் தோட்டம் அமைப்போர், இச்சிலவற்றுள் எதை, எங்கிருந்து வாங்குவது என்னும் கேள்வியை எதிர்கொள்கின்றனர்.

ஏற்காட்டின் குளிர்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேர்வராயன் கோயில் அமைந்துள்ள உச்சி 1623 மீட்டர் உயரமுடையது. ஆண்டு மழை ஏறத்தாழ 1500 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் இங்கு மழை தருகின்றன. குளிர்காலத்தில் வெப்பநிலை பொதுவாக 12 முதல் 24 பாகை செல்சியசு வரை இருக்கும். கோடையில் ஏறத்தாழ 30 பாகையை எட்டும்.

இவ்வெண்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஏற்காடு குளிர்ந்த ஊர்தான், ஆனால் உறைபனி விழும் ஊர் அன்று. உதகமண்டலம் ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு மார்கழி, தை மாதங்களில் புல்வெளிகள் மீது உறைபனி படிவது வழக்கம். ஐரோப்பிய, அமெரிக்க நாற்றங்கால்களின் பட்டியல்களில் ஒவ்வொரு பனைக்கும் அது தாங்கக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை தரப்பட்டிருக்கும். அப்பட்டியலைக் கொண்டு உதகைக்குப் பனை தேர்வது ஓரளவு பொருந்தும். ஏற்காட்டுக்கு அது பெரும்பாலும் வேண்டாத வேலை. இங்கு பனைகளைத் தடுப்பது உறைபனி அன்று. ஆண்டு முழுவதும் நிலவும் மிதமான குளிரும், மாதக்கணக்கில் நீங்காத மூடுபனி ஈரமும் ஆகும்.

சமவெளிப் பனைகள் மலையில் தடுமாறுவதன் காரணமும் இதுவே. தென்னை நன்கு காய்க்க ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் அதனை வணிக நோக்கில் பயிரிடப் பரிந்துரைப்பதில்லை. கமுகு 14 பாகை வரையிலான குளிரைத் தாங்கும், ஆயினும் 1000 மீட்டருக்கு மேல் காயின் தரம் குன்றுகிறது. இம்மரங்கள் ஏற்காட்டில் நட்டவுடன் இறந்துவிடுவதில்லை. ஆண்டுக்கு ஓரிரு ஓலைகளை மட்டும் விட்டு, மஞ்சள் நிறமடைந்து, பல ஆண்டுகள் தேங்கி நிற்கும். வாங்கியவர் உரக்குறை என்று எண்ணி உரமிட்டுக்கொண்டே இருப்பார்.

குளிர் பனையைத் தாக்கும் விதம்

மா, பலா போன்ற மரங்களில் ஒரு கிளை கருகினால் வேறு கிளை துளிர்க்கும். தனித்தண்டுப் பனைகளுக்கு இவ்வாய்ப்பு இல்லை. தண்டின் உச்சியில் உள்ள ஒரே ஒரு வளர்முனையிலிருந்தே எல்லா ஓலைகளும் தோன்றுகின்றன. அது அழிந்தால் மரம் முழுவதும் அழியும். குளிரால் வளர்ச்சி தளர்ந்த குருத்தினுள் நீர் தேங்கும்போது பூஞ்சையொத்த நுண்ணுயிரிகள் புகுந்து குருத்தழுகல் நோயை உண்டாக்குகின்றன. இளங்குருத்தை மெல்ல இழுத்தால் கையோடு வந்துவிடும். ஆகவே குளிர் நேரடியாகக் கொல்லாத இடத்திலும் ஈரத்தின் வழியாகக் கொல்லலாம். இதற்குப் பயன்படும் போர்டோ கலவை, காப்பியின் இலைத்துரு நோய்க்கெனத் தோட்டங்களில் பல தலைமுறைகளாகக் கையாளப்படுவது. மலைவாசிகளுக்குப் புதிய மருந்து அன்று.

உலகின் குளிர்தாங்கு பனைகள்

மிகுதியான குளிரைத் தாங்கும் பனையாகக் கருதப்படுவது அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்குரிய ஊசிப்பனை ஆகும். தண்டு குறுகிய இப்புதர்ப்பனை சுழியத்துக்குக் கீழ் 20 பாகை வரையிலும் பிழைத்துள்ளது. தண்டு உயர்ந்து வளரும் பனைகளுள் இவ்வகையில் புகழ்பெற்றது சீனாவைச் சேர்ந்த டிராக்கிகார்ப்பசு பார்ச்சுனி. சுழியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 15 பாகை வரை தாங்கும் இதன் விதைகளை பிலிப் பிரான்சு வான் சீபோல்டு 1830 இல் சப்பானிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பின்னர் 1849 இல் ராபர்ட் பார்ச்சூன் சூசான் தீவிலிருந்து செடிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். சீனத் தேயிலையை இந்தியாவுக்குக் கொணர்ந்தவரும் இவரே. பனையின் இனப்பெயர் இவரைக் குறிப்பது.

இப்பேரினத்தின் உறவினங்கள் இந்தியாவிலேயே உள்ளன என்பது பலரும் அறியாதது. குமாவுன் மலைகளில் பித்தோராகர் அருகேயுள்ள தால்கேதார் மலையில் டிராக்கிகார்ப்பசு தாகில் வளர்கிறது. இதனை இத்தாலியத் தாவரவியலாளர் பெக்காரி 1905 இல் விவரித்தார். காசி மலைகளிலும் நேபாளத்திலும் மார்சியானசு என்னும் இனம் உண்டு. மணிப்பூரின் உக்ருல் பகுதிக்குரிய இனம் 2006 இல்தான் பெயர் பெற்றது. டார்சிலிங்கு, கலிம்போங்கு பகுதியில் வளரும் லாட்டிசெக்டசு என்னும் அகன்ற இலைப்பிளவுடைய இனம் 1997 வரை அறிவியல் பெயரின்றி இருந்தது. தோட்டங்களில் பலகாலம் நின்றிருந்தும் அதனைத் தனி இனமென்று எவரும் பதிவு செய்யவில்லை. காட்டில் எஞ்சியுள்ளவை சிலவே. இப்பேரினத்தின் பிற இனங்களைவிட வெப்பத்தை நன்கு ஏற்பதால், ஏற்காட்டுக்குப் பொருந்தக்கூடியது இவற்றுள் இதுவே எனலாம். கலிம்போங்கின் உயரம் ஏறத்தாழ 1250 மீட்டர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

ஐரோப்பாவின் நடுநிலக்கடற் கரைக்குரிய குட்டைப்பனையான கமரோப்சு ஊமிலிசு, கனேரித் தீவு ஈச்சை ஆகியனவும் உறைபனியைத் தாங்குவன. ஆப்கானித்தான், பாக்கித்தான் வறண்ட மலைகளின் நன்னோரோப்சு கடுங்குளிரைத் தாங்கும், ஆனால் அது பாலைநிலத் தாவரம். பட்டியலில் அதன் எண்ணைக் கண்டு மயங்கி மூடுபனி சூழ்ந்த மலையில் நடுவோர் அதனை ஈரத்துக்குப் பலிகொடுக்க நேரும். இதற்கு நேர்மாறானது கொலம்பியாவின் தேசிய மரமான மெழுகுப்பனை. ஆந்திசு மலைகளில் முகில் தவழும் சரிவுகளில் 60 மீட்டர் வரை உயரும் இம்மரம் கடும் உறைபனியைத் தாங்காது. ஆனால் ஆண்டு முழுவதும் குளுமையையும் ஈரத்தையும் விரும்பும். ஏற்காட்டின் சித்திரை வெயில் அதற்குச் சற்று மிகை. கொடைக்கானல் ஏற்றதாக இருக்கலாம்.

மலையின் சொந்தப் பனைகள்

அயல்நாட்டுப் பெயர்களைத் தேடுமுன் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் தாமாக வளர்வனவற்றைக் காண்பது நன்று. இவற்றுள் முதன்மையானது பீனிக்சு லூரெய்ரோய் என்னும் மலை ஈச்சை. புல்வெளிச் சரிவுகளிலும் திறந்த காடுகளிலும் குட்டையாக வளரும் இது காட்டுத்தீயில் ஓலை கருகினாலும் மீண்டும் தழைக்கும். நீலகிரி முதலிய மலைகளில் வாழும் பழங்குடியினர் இதன் ஓலைகளைக் கொண்டு துடைப்பம் செய்து விற்கின்றனர். இம்மலைகளின் தாவரங்களை விரிவாக ஆய்ந்த கே. எம். மேத்யூ அடிகளாரின் தமிழகக் கருநாடகப் பகுதித் தாவரத் தொகுதி, மலைப்பனைகளை அடையாளம் காண விரும்பும் மாணவர்களுக்கு இன்றும் உதவும் நூலாகும்.

கூந்தற்பனை மற்றொன்று. திருமண வாயில்களில் குலை குலையாகக் கட்டப்படும் பனை இதுவே. இலங்கையில் கித்துள் எனப்படும் இம்மரத்தின் பதநீரிலிருந்து பாணியும் கருப்பட்டியும் காய்ச்சப்படுகின்றன. மேற்குத் தொடர்ச்சி, கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஈரச்சரிவுகளில் இயல்பாக வளர்வதால் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் தட்பவெப்பம் இதற்கு அயலானது அன்று. வாங்குவோர் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். இம்மரம் உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு கணுவாகப் பூத்து முடிந்ததும் இறந்துவிடும். இதன் பழச்சாறு தோலில் பட்டால் கடும் நமைச்சல் உண்டாகும்.

காட்டிலுள்ள ஈச்சையைப் பெயர்த்தெடுத்துத் தோட்டத்தில் வைப்பது எளிய வழியாகத் தோன்றும். காப்புக்காடுகளிலிருந்து அவ்வாறு எடுப்பது 1882 ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அன்றியும், வேரறுந்த வளர்ந்த ஈச்சை பெரும்பாலும் பிழைப்பதில்லை. உரிய இசைவுடன் பெற்ற விதையிலிருந்து நாற்று வளர்ப்பதே பயன்தரும்.

வாங்குதல்

தமிழ்நாட்டில் விற்கப்படும் அழகுப் பனைகளில் பெரும்பகுதி சமவெளி நாற்றங்கால்களில் வளர்ந்தவை. ஆந்திரப் பிரதேசத்தில் இராசமுந்திரி அருகேயுள்ள கடியம் இவ்வணிகத்தின் பெரிய நடுவம் ஆகும். கோதாவரிக் கரையின் வெப்பத்தில், நிழல்வலையின் கீழ் வேகமாக வளர்க்கப்பட்ட பனைக்கன்று மலைக்கு வந்ததும் இருவகை அதிர்ச்சிக்கு உள்ளாகிறது: இரவின் குளிர், மலைவெயிலின் நேரடித் தாக்கம். பழைய ஓலைகள் வெளுத்துக் கருகும். இதனைக் கொண்டு செடி தவறானது என்று முடிவு செய்தல் கூடாது. அடுத்து வரும் இரண்டு மூன்று ஓலைகளே உண்மையைச் சொல்லும். திறந்த சரக்குந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும் கன்றின் ஓலைகளைக் காற்றில் கிழியாதபடி சேர்த்துக் கட்டிக் கொணர்வதும் தேவை.

வணிகப் பெயர்கள் தரும் குழப்பம் பெரிது. "பாட்டில் பாம்" என்று கேட்டால் இந்திய நாற்றங்கால்களில் பெரும்பாலும் கியூபாவின் அரசப்பனை கிடைக்கும். தாவரவியலில் அப்பெயருக்குரியது மொரிசியசு அருகேயுள்ள வட்டத்தீவின் ஐயோபோர்பே என்னும் குள்ளப்பனை. அதற்குக் குளிர் சிறிதும் ஆகாது. "அரீக்கா பாம்" எனப்படுவது கமுகு அன்று, மடகாசுகரின் பொன்னிறக் கொத்துப்பனை. "சாகோ பாம்" என்று விற்கப்படும் சைக்கசு ரெவல்யூட்டா பனையே அன்று. பூவாத் தாவரமாகிய சைக்கசு இனம். "டிராவலர்சு பாம்" எனும் ஆங்கில வழக்கும் தவறானது. அதனை விசிறி வாழை என்னும் தமிழ்ப் பெயர் உண்மைக்கு நெருக்கமானது. தாகில் என்ற பெயரில் உலகச் சந்தையில் விற்கப்பட்ட விதைகள் பல பார்ச்சுனி இனமே என்று பின்னர் கண்டறியப்பட்டது. இளங்கன்று நிலையில் விசிறிப்பனைகள் பலவும் ஒன்றுபோலவே தோன்றுவதால் கண்ணால் பார்த்து இனம் பிரிப்பது தேர்ந்தவர்க்கும் கடினம். விற்பவர் தாய்மரத்தைக் காட்ட இயலுமாயின் அதுவே சிறந்த சான்று.

ஈச்சைகளைப் பொறுத்தவரை தாய்மரமும் போதாது. ஈச்சைப் பேரினம் முழுவதும் ஆண், பெண் எனத் தனித்தனி மரங்களை உடையது. இனங்கள் தமக்குள் எளிதில் கலந்துவிடும். பல ஈச்சை இனங்கள் நிற்கும் பூங்காவில் பொறுக்கிய விதை, கலப்பினமாக முளைக்க வாய்ப்பு மிகுதி.

எளிதில் கிடைப்பனவற்றுள் சீன விசிறிப்பனை குறிப்பிடத்தக்கது. தமிழ்நாட்டுச் சாலையோர நாற்றங்கால்களிலும் மலிவாகக் கிடைக்கும் இது சிறிதளவு உறைபனியையும் தாங்கும். ரேப்பிசு எக்செல்சா என்னும் மூங்கிற்பனை நிழலை விரும்புவது. சவுக்குமர நிழலில் வளரும் காப்பிச் செடிகளின் அருகே அதற்கு உகந்த இடம் உண்டு; சவுக்கு என்று ஏற்காட்டில் வழங்குவது ஆசுத்திரேலிய வெள்ளியோக்கு மரத்தை. அரிய இனங்களுக்கு விதையே வழி. வெளிநாட்டிலிருந்து விதை தருவிக்க 2003 ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி இறக்குமதி இசைவும், ஏற்றுமதி நாட்டின் தாவர நலச்சான்றும் வேண்டும். இக்கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. ஆசியாவுக்குரிய சிவப்புக் கூன்வண்டு, பனைக்கன்று வணிகத்தின் வழியே நடுநிலக்கடல் நாடுகளுக்குப் பரவிப் பெருந்தொகையான கனேரி ஈச்சைகளை அழித்தது.

நடுதல்

ஆனி, ஆடி மாதங்களில், தென்மேற்குப் பருவமழையோடு நடுவது நல்லது. மண் வெதுவெதுப்பாக இருக்கையில் வேர் இறங்கிவிடும். ஐப்பசி மழைக்குப்பின் நட்ட கன்று குளிரில் வேரூன்றாது நிற்கும். நீர் தேங்காத சரிவு இன்றியமையாதது. உறையினுள் வேர் சுருண்டு இறுகிய பெரிய கன்றைவிட நான்கைந்து ஓலையுள்ள இளங்கன்று சில ஆண்டுகளில் முந்திவிடுவதைக் காணலாம்.

காட்டுக்குள் பரவுதல்

நன்கு பொருந்தும் பனை அளவுக்கு மீறிப் பொருந்திவிடுவதும் உண்டு. சுவிட்சர்லாந்தின் திச்சீனோ பகுதியில் தோட்டங்களிலிருந்து பறவைகள் பரப்பிய பார்ச்சுனி பனை, காடுகளில் அடர்ந்து இயல் தாவரங்களை நெருக்கியது. அதன் விற்பனையை அந்நாடு 2024 இல் தடைசெய்தது. குளிர் மலையூர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் ஆசுத்திரேலியாவின் பங்களா பனை, பிரேசிலின் அத்திலாந்திக்குக் காடுகளில் இவ்வாறே பரவியுள்ளது. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களுக்கு இடையே எஞ்சியுள்ள சோலைத் துண்டுகள் சிறியவை. பழந்தின்னிப் பறவைகள் இரண்டுக்கும் இடையே நாள்தோறும் சென்று வருகின்றன. எனவே அச்சோலைகளை ஒட்டிய தோட்டங்களில் இவ்விரு இனங்களையும் நடும்போது பழக்குலைகளை முற்றுமுன் வெட்டிவிட வேண்டும். பார்ச்சுனியில் ஆண், பெண் மரங்கள் தனித்தனியாதலின் ஆண் மரங்களை மட்டும் வைத்துக்கொள்ளவும் இயலும். பங்களா பனையில் ஒரே மரத்தில் இருவகைப் பூக்களும் தோன்றுவதால் அவ்வழி இல்லை.