மாலைக்கண்ணும் மூன்று முட்டையும்

குழந்தைகளின் பார்வையிழப்பு என்றதும் நமக்குக் கண் மருத்துவமனைதான் நினைவுக்கு வருகிறது. பொருளியல் கற்பித்த எனக்கு அது அடுக்களைக் கணக்காகவே படுகிறது.

எங்கள் அஞ்சுகிராமம் பகுதியில் சோறும் மரச்சீனிக்கிழங்கும் தேங்காயும் வயிற்றை நிறைத்துவிடும். மூன்றிலும் வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். கூடவே முருங்கைக்கீரையோ பப்பாளியோ முட்டையோ வேண்டும். கீரையின் சத்து உடலில் சேரத் தேவையான கொழுப்பைத் தேங்காயே கொடுத்துவிடும்.

அவை கிட்டாத குழந்தைக்கு முதலில் அந்தி சாய்ந்ததும் கண் தெரியாது. பிறகு வெண்விழி வறண்டு, நுரை படிந்ததுபோன்ற பிடாட் புள்ளிகள் தோன்றும். அதுவரை மீட்டுவிடலாம். அந்நிலையில் தட்டம்மையோ வயிற்றுப்போக்கோ தாக்கினால் சில நாள்களிலேயே கருவிழி உருகிப்போகக்கூடும். இழந்த பார்வையைப் பின்னர் எந்த மருந்தும் மீட்டுத் தராது.

இதைத் தடுக்க மத்திய அரசு 1970-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒன்பதாம் மாதத்தில் 1 லட்சம் யூனிட், அதன்பின் ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் என வைட்டமின் ஏ திரவம் இன்று புகட்டப்படுகிறது. 2016-18 தேசிய ஆய்வில் ஒன்று முதல் நான்கு வயதினரில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்கே குறைபாடு காணப்பட்டது. எனவே எல்லோருக்கும் இம்மருந்து இனி வேண்டியதில்லை என்று ஊட்டச்சத்து வல்லுநர் சிலர் வாதிடுகின்றனர். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மருந்து விட்டுச்செல்லும் இடத்தை எதனால் நிரப்புவது?

விடை தமிழ்நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் ரஹமத்துல்லா குழுவினர் நடத்திய ஆய்வு 1990-இல் வெளியானது. அதில் பெருந்தவணை இல்லை. உணவிலிருந்தே பெறக்கூடிய சிறு அளவு வாரந்தோறும் தரப்பட்டது. ஓராண்டில் இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. மூன்று வயதுக்குட்பட்டோரும் நெடுநாள் ஊட்டமின்றி வளர்ச்சி குன்றியோருமே மிகுதியாகப் பயனடைந்தனர். கண்ணுக்கான சத்து என்று நாம் ஒதுக்கிவைத்தது உயிருக்கான சத்தாகவும் இருந்தது.

இப்போது நம் முட்டைக் கணக்கைப் பாருங்கள். சத்துணவு உண்ணும் பள்ளிப் பிள்ளைக்கு வாரம் 5 முட்டை. அங்கன்வாடியில் இரண்டு வயதைக் கடந்த குழந்தைக்கு 3. ஆபத்து மிகுந்த வயதில்தான் பங்கு குறைவு. சிறு வயிறு அவ்வளவு தாங்காது என்பார்கள். நாளொன்றுக்கு ஒரு முட்டை தாங்காத வயிற்றை நான் கண்டதில்லை. முட்டை மட்டும் தேவை முழுவதையும் ஈடுசெய்துவிடாது என்பதும் உண்மை. அங்கன்வாடிச் சாம்பாரில் முருங்கைக்கீரை சேர்வதற்கு இங்கே மரத்துக்குப் பஞ்சமில்லை. ஆய்ந்து தரும் கைக்குத்தான் கூலி ஒதுக்கப்படுவதில்லை. திரவ மருந்தைக் குறைப்பது பற்றிய பேச்சு, இவ்விரண்டுக்கும் நிதிநிலை அறிக்கையில் இடம் கிடைத்த பிறகு தொடங்கட்டும்.