கொடி நீளமா இருந்தா செடி நல்லா இருக்குன்னு அர்த்தமா?

இன்னைக்கு ஒரே ஒரு செடியைப் பத்திப் பேசப் போறோம்: ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ். பச்சைப் பட்டாணியைக் கோத்துத் தொங்கவிட்ட மாதிரி இருக்குமே, அதேதான். வாங்கிட்டு வந்து பால்கனியில் மாட்டுறோம். கொடி மூணு அடி நீளுது, போட்டோ எடுக்கிறோம். திடீர்னு ஒரு வாரத்துல மொத்தமாப் போயிடுது. கொடியை வெட்ட மனசு வராததும் இதுக்கு ஒரு முக்கியமான காரணம்.

இதோட சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. இப்போதைய தாவரவியல் பெயர் குரியோ ரவுலியானஸ். பிரிட்டிஷ் தாவரவியலாளர் கோர்டன் ரவுலியின் பெயரால் வந்தது. அந்த மண்ணில் இந்தச் செடி தொங்குவதில்லை. புதர் நிழலில் தரையோடு தரையாகப் பாய் விரித்த மாதிரி படர்கிறது. தண்டு மண்ணைத் தொடும் இடங்களில் புது வேர் விடும். அதனால் ஒரு பக்கம் அழுகினாலும் மீதிச் செடி பிழைத்துக்கொள்ளும்.

நாம அதைத் தொங்கவிடும்போது என்ன ஆகுது? மூணு அடிக் கொடிக்கும் தண்ணீர் போக ஒரே வழி, தொட்டி விளிம்பில் இருக்கும் நூல் மாதிரியான தண்டு. எங்க சாஃப்ட்வேர் வேலையில் இதை 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்று சொல்லுவோம். அந்த ஓர் இடம் அழுகினால் மூணு அடியும் போச்சு. அதனால் கொடியின் நீளத்தைப் பார்க்காதீங்க. தொட்டியின் மேல்பகுதி அடர்த்தியா இருக்கான்னு பாருங்க. மேலே மண் தெரிய ஆரம்பித்தால் வெட்டும் நேரம் வந்தாச்சு.

எப்போது வெட்டணும்?

செடி வளர்ந்துகொண்டிருக்கும் காலத்தில். குளிர் நாடுகளில் இருப்பவர்களுக்கு வசந்தமும் கோடையின் தொடக்கமும். சென்னை மாதிரி ஊரில் ஏப்ரல், மே வெயிலில் செடி உயிர் பிழைக்கவே போராடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை ஈரத்தில் வெட்டின இடம் ஆறாமல் அழுகும். அதனால் மழை ஓய்ந்த பிறகு, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நல்ல நேரம். காய்ந்த, அழுகிய கொடிகளுக்கு மட்டும் நாள் பார்க்க வேண்டாம். பார்த்த உடனே எடுத்துடுங்க.

எப்படி வெட்டணும்?

கூர்மையான சின்னக் கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைச்சுக்கோங்க. ஒரு முத்து இலைக்குச் சற்றுக் கீழே, அதாவது கொடியின் நுனிப் பக்கம் வெட்டுங்க. அந்த இலையின் கக்கத்தில் மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். கொடியின் நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன்தான் அதை எழவிடாமல் வைத்திருந்தது. நுனி போனதும் அந்தத் தடை குறையும். பக்கக் கிளை வரும். ஒரே நாளில் மொத்தச் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீங்க.

இதன் சாறு தோலில் எரிச்சல் தரலாம், அதனால் கையுறை நல்லது. பூனை, நாய் தின்றால் விஷம். வெட்டின துண்டுகளைத் தரையில் விட்டுவிடாதீங்க.

வெட்டின துண்டை என்ன செய்யணும்?

இதுதான் முக்கியம், ஏன்னா உங்க பேக்கப் இதுலதான் இருக்கு. பத்து சென்டிமீட்டர் அளவுக்குத் துண்டு போடுங்க. அடியில் மூணு, நாலு முத்துகளைக் கிள்ளிடுங்க. ஓரிரு நாள் நிழலில் காயவிடுங்க. பிறகு அதே தொட்டியில், மண் தெரியும் இடத்தில், படுத்த வாக்கில் வைத்து லேசாக அழுத்துங்க. ஹேர்பின்னால் குத்தி நிறுத்தலாம். தென்னாப்பிரிக்கத் தரையில் அது தானாகச் செய்வதைத்தான் இங்கே நாம செய்து கொடுக்கிறோம். நாலு துண்டைத் தனித் தொட்டியிலும் வைங்க. தாய்ச்செடி போனாலும் கையில் ஒண்ணு இருக்கும்.

வெட்டின உடனே பாசமாத் தண்ணி ஊத்தாதீங்க. இலை குறைந்ததால் செடி குடிக்கும் தண்ணீரும் குறையும். மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். மேலே வைத்த துண்டுகளுக்கு மட்டும் அவ்வப்போது லேசாகத் தெளிங்க.

இன்னொண்ணு: முத்துக்கு முத்து இடைவெளி அதிகமா இருந்தா அது வெளிச்சக் குறைவு. அதை வெட்டி மட்டும் சரி செய்ய முடியாது. தொட்டியைக் கூரைக்கு ஒட்டி மாட்டியிருந்தால் மேல்பகுதிக்கு வெளிச்சமே வராது, ஓர் அடி கீழே இறக்குங்க.

மூணு, நாலு வாரம் கழித்துத் துண்டை மெதுவா இழுத்துப் பாருங்க. வராமல் பிடித்துக்கொண்டால் வேர் விட்டாச்சு.