டவர் போனாலும் படம் ஓடும்... பிளேயர் இருந்தால்!

நவம்பர் பிறந்துவிட்டால் கோத்தகிரியில் மூன்று பேர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவார்கள். முதலில் வெயில், அடுத்து கரன்ட், கடைசியாக செல்போன் டவர்.

நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் ஊர் இது. கூடலூர் பக்கமெல்லாம் தென்மேற்குப் பருவமழையில் நனைந்து முடித்த பிறகு, ஐப்பசி, கார்த்திகையில்தான் இங்கே மழை இறங்கி ஆடும். 2009 நவம்பரில் பெய்த மழையில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மலையில் யாரும் மறக்கவில்லை. அந்த அளவுக்குப் போகாத சாதாரண மழைக்காலத்திலும் மரம் விழுந்து கம்பி அறுவது சகஜம். கரன்ட் வந்துவிடும், டவர் மட்டும் வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். போனில் பாதியில் நின்ற படத்தின் மேல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அப்போதுதான் பீரோவின் மேல்தட்டு நினைவுக்கு வரும். பழைய பட டி.வி.டி நாலைந்து, மாமா கல்யாண சி.டி., காதுகுத்து சி.டி., காலேஜ் போய்விட்ட பையன் விட்டுச்சென்ற பிளேஸ்டேஷன் டிஸ்க் இரண்டு. இவை எதற்கும் டவர் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். வேண்டியது ஒரு பிளேயர். அது பரணில் இருக்கிறதா, பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டதா என்பதுதான் பல வீடுகளில் இன்றைய கேள்வி.

தமிழ்நாட்டு வீடுகளுக்குள் படம் வந்த வழியே சுவாரஸ்யமானது. 80-களில் 'டெக்' வாடகைக்கு எடுப்பார்கள். டி.வி-யும் டெக்கும் ஒரு ராத்திரிக்கு. கூடவே மூன்று கேசட். விடிய விடிய முழுத் தெருவும் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். ஈரமும் பனியும் உள்ள மலையில் கேசட்டுக்கு ஆயுள் குறைவு. நாடாவில் பூஞ்சை பூத்துவிடும். டெக்கின் ஹெட் அழுக்கேறி, ஹீரோ கோடு கோடாக நடப்பார்.

90-களின் பிற்பகுதியில் வி.சி.டி வந்ததும் கேசட் ஒதுங்கியது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதிகம் கண்டுகொள்ளாத இந்தத் தட்டை ஆசிய நாடுகள்தான் தலையில் வைத்துக் கொண்டாடின. ஒரு தட்டில் 74 முதல் 80 நிமிடம்தான் அடங்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் என்றால் இரண்டு தட்டு. கொஞ்சம் நீளமாகிவிட்டால் மூன்று. தியேட்டரில் ஒரு இடைவேளை, வீட்டில் இரண்டு! அம்மா அடுப்பில் குழம்பைப் பார்த்துவிட்டு வருவதற்கும் அப்பா தட்டை மாற்றுவதற்கும் நேரம் சரியாக இருக்கும்.

அதே தட்டுதான் திருட்டு வி.சி.டி-க்கும் வழிவிட்டது. 2004-ல் தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்தையே திருத்தி வீடியோ திருடர்களை அதில் சேர்க்கும் அளவுக்கு விஷயம் முற்றியது. சட்டத்தோடு விலையாலும் திருட்டை அடிக்கலாம் என்று 2007 வாக்கில் களமிறங்கியது மோசர் பேர் நிறுவனம். வி.சி.டி 28 ரூபாய், டி.வி.டி 34 ரூபாய். அதற்கு முன் ஒரிஜினல் டி.வி.டி என்றால் நூறு, இருநூறு என்று யோசித்துத்தான் வாங்க வேண்டும். கலைஞர் அரசு 2006-ல் ஆரம்பித்த இலவச கலர் டி.வி எஸ்டேட் லைன் வீடுகள் வரை வந்து சேர்ந்திருந்த நேரம் அது. டீ, பன் வாங்கும் காசுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் ஒரு படம் சொந்தம்.

சொந்தம் என்ற அந்தச் சொல்தான் இன்று சிக்கலில் இருக்கிறது. அதைச் சிக்கலாக்கியதில் விளையாட்டுப் பெட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

சண்டைக்குள் ஒரு சண்டை

வீடியோ கேம் பெட்டிக்கும் சினிமா தட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். 2000-ல் ஜப்பானில் வெளிவந்த சோனியின் பிளேஸ்டேஷன் 2, டி.வி.டி-யும் ஓட்டும். 'கேம் பெட்டி' என்று கேட்டால் மறுக்கும் பெற்றோர், 'படமும் பார்க்கலாம்' என்றால் இறங்கிவருவார்கள். இந்த உத்தி ஜப்பானுக்கும் பொருந்தியது, நம்ம ஊருக்கும் பொருந்தியது. உலகம் முழுக்க 16 கோடிப் பெட்டிகள் விற்று, கேம் பெட்டிகளிலேயே அதிகம் விற்றது அதுதான்.

அடுத்த சுற்றில் சண்டை கடுமையானது. டி.வி.டி-யின் வாரிசு யார் என்ற போட்டி. ஒரு பக்கம் சோனியின் ப்ளூ-ரே, மறுபக்கம் தோஷிபாவின் எச்.டி. டி.வி.டி. டி.வி.டி-யில் 4.7 ஜி.பி பதிவாகும்; ப்ளூ-ரே தட்டில் ஓர் அடுக்கிலேயே 25 ஜி.பி. சிவப்பு லேசருக்குப் பதில் அலைநீளம் குறைந்த நீல ஊதா லேசர். கூர்மையான பேனாவால் பொடி எழுத்தில் நிறைய எழுதுவதுபோல.

80-களில் பீட்டாமேக்ஸ் கேசட்டோடு வி.எச்.எஸ்-ஸிடம் தோற்ற சூடு சோனிக்கு நினைவிருந்தது. அதனால் 2006-ல் வந்த பிளேஸ்டேஷன் 3-க்குள்ளேயே ப்ளூ-ரே டிரைவை வைத்துவிட்டது. பெட்டி விலை எகிறியது. 2007 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது 39,990 ரூபாய். எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருந்த மைக்ரோசாஃப்ட், எச்.டி. டி.வி.டி டிரைவைத் தனியாக விற்றது. வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளலாம். 'வேண்டுமென்றால்' என்று விற்பதை எத்தனை பேர் வாங்குவார்கள்? 2008 ஜனவரியில் வார்னர் பிரதர்ஸ் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தது. பிப்ரவரி 19-ம் தேதி தோஷிபா ஆட்டத்திலிருந்து விலகியது.

சோனி ஜெயித்தது. ஆனால், ஜெயித்த கோப்பைக்குள் ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தது. தபாலில் டி.வி.டி அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃப்ளிக்ஸ், 2007-லேயே இணையம் வழியாகப் படம் காட்ட ஆரம்பித்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அதே எக்ஸ்பாக்ஸ், அதே பிளேஸ்டேஷன் வழியாகவே அது அமெரிக்க வீடுகளின் ஹாலுக்கு வந்தது. இதில் ஒரு வேடிக்கை, ஆரம்பத்தில் பிளேஸ்டேஷன் 3-ல் நெட்ஃப்ளிக்ஸ் பார்க்க ஒரு டிஸ்க்கைப் போட வேண்டியிருந்தது. தட்டை ஒழிக்க வந்தவர், தட்டு போடும் வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தார்.

22 நொடி நையாண்டி

தட்டின் அருமை என்ன என்பதை 2013-ல் ஒரு குட்டி வீடியோ போட்டு உடைத்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் வரப்போகிறது, வாங்கிய கேமை அடுத்தவருக்குக் கொடுப்பதிலும் விற்பதிலும் கட்டுப்பாடு இருக்கும், அடிக்கடி இணையத்தில் இணைந்து கணக்குக் காட்ட வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. பதிலுக்கு சோனி வெளியிட்ட வீடியோ, கேமை நண்பரோடு எப்படிப் பகிர்வது என்று காட்டியது. ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார். மற்றவர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார். அவ்வளவுதான், படம் முடிந்தது! சிரிப்பு அடங்குவதற்குள், அதே ஜூன் மாதத்திலேயே மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டுப்பாடுகளை வாபஸ் வாங்கியது.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வெறும் ஜோக் இல்லை. பிளேஸ்டேஷன் 5-ன் பெரிய கேம் ஒன்று புதிதாக 4,999 ரூபாய் வரை வருகிறது. தட்டாக வாங்கினால், விளையாடி முடித்துவிட்டுப் பாதி விலைக்காவது விற்கலாம்; இல்லை, நண்பனிடம் கொடுத்து அவனுடையதை வாங்கலாம். ஒரே கேம் நாலு வீடு சுற்றும். டவுன்லோடாக வாங்கினால் அது அந்தக் கணக்கோடு சரி. 2021-ல் இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 5-ல் டிஸ்க் போடும் பெட்டி 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாத பெட்டி 39,990 ரூபாய் என்று விலை வைத்தார்கள். 10,000 ரூபாய் மிச்சம் என்றுதான் முதலில் தோன்றும். கேம்களை வாங்கி விற்றுப் பழகிய பையன் கணக்குப் போட்டால், மூன்று, நாலு கேமிலேயே அந்த மிச்சம் காணாமல் போகும். பெட்டி வாங்கித் தரச் சொல்லி வீட்டில் கேட்டால் பெற்றோர் இதையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பது நல்லது. இன்னொன்று, நல்ல கேம்கள் 50, 100 ஜி.பி அளவுக்கு வருகின்றன. மலையில் மொபைல் டேட்டாவை நம்பி அதை இறக்குவது, டீத்தூள் வடிகட்டியில் தொட்டித் தண்ணீர் நிரப்பும் வேலை.

ஆனால், தட்டு கையில் இருந்தாலே எல்லாம் நம்முடையது என்றும் சொல்லிவிட முடியாது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' கார் ரேஸ் கேம் 2014-ல் வந்தது. நிறுவனத்தின் சர்வர் இருந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31-ம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவர்களின் கையில் மிஞ்சியது, பளபளப்பான ஒரு தட்டு.

படங்களிலும் இந்தக் கதை உண்டு. 2023 டிசம்பரில், பிளேஸ்டேஷன் கடையில் மக்கள் 'வாங்கி' வைத்திருந்த டிஸ்கவரி நிகழ்ச்சிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீஸன்கள் வருடக் கடைசியோடு நீக்கப்படும் என்று சோனி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது, உரிமத்தைப் புதுப்பித்து முடிவை மாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் அன்று பலருக்கும் ஒன்று புரிந்தது. 'பை' என்ற பட்டனை அழுத்தி அவர்கள் வாங்கியது படத்தை அல்ல, பார்க்கும் அனுமதியை. கலிஃபோர்னியா மாகாணம் 2025 முதல் இதற்கென்றே சட்டம் வைத்திருக்கிறது. அனுமதியைத்தான் விற்கிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல், டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்குங்கள்' என்று பட்டன் வைக்கக் கூடாது.

சேரன் போட்ட கணக்கு

தமிழ்நாட்டில் தட்டை நம்பிக் கடைசியாகப் பெரிய முயற்சி எடுத்தவர் இயக்குநர் சேரன். 2015-ல் 'சினிமா டு ஹோம்' என்ற பெயரில், புதுப்பட டி.வி.டி-யை முகவர்கள் மூலம் நேராக வீட்டுக்கே அனுப்பும் திட்டம். முதல் படம் அவருடைய 'ஜே.கே எனும் நண்பனின் வாழ்க்கை'. விலை 50 ரூபாய். தியேட்டர் கிடைக்காமல் தவிக்கும் சிறிய படங்களுக்கு நல்ல வழிதான், திட்டம் நிலைக்கவில்லை. அடுத்த வருடம், 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா இலவசமாகக் கொட்டிய பிறகு 50 ரூபாய்த் தட்டை யார் தேடுவார்கள்? 28 ரூபாய்க்குப் படம் கொடுத்த மோசர் பேரும் கடனில் மூழ்கி, 2018-ல் கலைப்பு உத்தரவைச் சந்தித்தது.

ஓ.டி.டி-யால் கெடுதல்தான் என்று சொல்வதும் நியாயமில்லை. முதுமலை தெப்பக்காட்டு யானைக்குட்டிகளை வைத்து, ஊட்டியில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வெஸ் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' 2022 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. முக்கால் மணி நேரம்கூட ஓடாத ஆவணப்படத்தை எந்தத் தியேட்டர் போட்டிருக்கும்? எந்த டி.வி.டி கடையில் அடுக்கியிருப்பார்கள்? கோத்தகிரியைப் பூர்வீகமாகக் கொண்ட சாய் பல்லவிக்கு, 'பாவக் கதைகள்' தொகுப்பில் வெற்றிமாறன் இயக்கிய 'ஓர் இரவு' 2020-ல் நெட்ஃப்ளிக்ஸில்தான் வந்தது. அவர் தங்கை பூஜா கண்ணன் நடித்த 'சித்திரைச் செவ்வானம்' 2021-ல் ஜீ5-ல் நேரடியாக வந்தது.

தன் ஊர்ப் பெண் நடித்த படத்தைப் பாட்டிக்குக் காட்ட வேண்டும் என்று கோத்தகிரிக்காரர் ஒருவர் ஆசைப்பட்டால், சந்தா கட்டியிருக்க வேண்டும், டவர் இருக்க வேண்டும், அந்தத் தளம் அந்தப் படத்தை வைத்திருக்கவும் வேண்டும். பீரோவில் எடுத்துவைக்க வழியில்லை.

கல்யாண சி.டி-யைக் காப்பாற்றுங்கள்

சினிமா எங்காவது கிடைத்துவிடும். எங்கேயும் கிடைக்காதது வீட்டு சி.டி. கடையில் விற்ற பட டிஸ்க்குகள் தொழிற்சாலையில் அச்சு வைத்து அழுத்தியவை; பல பத்தாண்டு தாங்கும். ஸ்டூடியோக்காரர் கொடுத்த கல்யாண சி.டி அப்படியல்ல. சாயப்பூச்சு ஒன்றை லேசரால் சுட்டு எழுதியது. வெயிலும் ஈரமும் பட்டால் சாயம் வெளுக்கும், படமும் போகும். 2001-ல் மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் ஒரு பூஞ்சை சி.டி-யின் பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் அரித்துத் தின்றதே செய்தியானது. கார்த்திகை மாத மலை ஈரம் அதற்கு இளைத்ததில்லை.

செய்ய வேண்டியது எளிது. யூ.எஸ்.பி-யில் செருகும் டி.வி.டி டிரைவ் ஒன்று கம்ப்யூட்டர் கடைகளில் கிடைக்கிறது. வி.சி.டி-யைத் திறந்தால் 'எம்.பி.இ.ஜி.ஏ.வி' என்ற ஃபோல்டரில் 'டேட்' என்று முடியும் பெரிய ஃபைல் இருக்கும். டி.வி.டி-யாக இருந்தால் 'வீடியோ_டி.எஸ்' ஃபோல்டர். அப்படியே காப்பி செய்தால் போதும், வி.எல்.சி பிளேயரில் ஓடும். ஒரு பிரதி ஹார்டு டிஸ்க்கில், இன்னொன்று வெளியூரில் இருக்கும் அண்ணன் வீட்டில்.

துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக் கூடாது. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராக. சி.டி-யில் பளபளப்பான அடிப்பக்கம் லேசாகக் கீறினால்கூடத் தப்பிக்கலாம். மணமக்கள் பெயரை ஒட்டியிருக்கும் மேல்பக்கம்தான் ஆபத்து. தகவல் அடுக்கு அதற்கு நேர் கீழேதான் இருக்கிறது. அந்த ஸ்டிக்கரைப் பிய்த்தால் தாலி கட்டும் காட்சியும் சேர்ந்தே உரிந்து வரும்.