ட்ரைவ்வேயில் லொறி ஏறும் முன்

ரொறன்ரோவைச் சுற்றி வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்குக் கோடை வந்தால் வீட்டு வேலையும் வந்துவிடும். பேஸ்மென்ற் உடைப்பார்கள், பின்வளவில் கொன்கிறீற் போடுவார்கள், குசினியை மாற்றுவார்கள். கழிவை அள்ளிப்போட ஒரு பெரிய இரும்பு 'பின்' வந்து ட்ரைவ்வேயில் இறங்கும். வேலை முடிந்து அதைத் தூக்கிக்கொண்டு போனபின் பார்த்தால், சில்லு நின்ற இடங்களில் பள்ளம் விழுந்திருக்கும். கம்பனிக்கு அழைத்தால், "ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தீர்கள்தானே?" என்பார்கள். அதில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: தரைக்கு நேரும் சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல.

அந்த வரியோடு கதை முடிந்துவிட்டதென்று பலர் நினைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. ஆனால் சட்டத்துக்குப் போகுமுன் தாரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. வழக்கென்று வந்தால் அதுவே உங்கள் வாதம்.

வீட்டு ட்ரைவ்வேயில் தார்க்கலவை பொதுவாக இரண்டு மூன்று அங்குலம்தான். பாரத்தை உண்மையில் தாங்குவது அதன் கீழே இறுக்கிப் போட்ட சரளைக்கல் அடித்தளம். அது ஆறு, எட்டு அங்குலம் இருந்தால் நல்ல வேலை. மலிவாகச் செய்தவர்கள் முதலில் கைவைப்பதும் அங்கேதான். மேலே பார்த்தால் தெரியாது.

தாருக்கு இன்னொரு குணம் உண்டு. ஓடிப்போகும் சில்லின் கீழ் வளைந்து, பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதே பாரம் அசையாமல் நின்றால் மெதுவாக விலகிக் கொடுக்கும். வெயில் கொளுத்தும் நாளில் இன்னும் கூடுதலாக. ஆகவே பத்து நிமிடம் வந்து பெட்டி இறக்கிவிட்டுப் போகும் லொறியைவிட, வாரக் கணக்கில் நிற்கும் பின்னும், ஒற்றைக் காலில் ஊன்றி நிற்கும் ரெயிலரும்தான் எனக்குப் பயம். காரின் ரயரில் காற்று அழுத்தம் சுமார் 35 பிஎஸ்ஐ. பெரிய லொறியின் ரயரில் 100 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். தரையில் விழும் அழுத்தமும் ஏறக்குறைய அதே விகிதம்தான். பின்னுக்கு ரயரே இல்லை, சிறிய இரும்புச் சில்லு மட்டும்.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே (நமது தலைநகர் அல்ல, பெயர் மட்டும் அதே) சோதனை வீதிகள் போட்டு, ராணுவத்தினரைக் கொண்டு லொறிகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வரும் தேய்மானம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. நிறைந்த கொன்கிறீற் லொறி 30 தொன்னை நெருங்கும். ரெயிலரைக் கழற்றிய முன்பாகம் மட்டுமே ஏழெட்டுத் தொன். உங்கள் ட்ரைவ்வேயோ கார்களுக்காகப் போட்ட தரை.

பனி உருகும் மாதங்கள் இன்னும் மோசம். மேற்பகுதி உருகி, கீழே உறைந்திருக்க, நடுவில் நீர் வடிய வழியில்லாமல் மண் சேறாகிவிடும். இதனால்தான் தென் ஒன்ராறியோவில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் குறிப்பிட்ட வீதிகளில் ஓர் அச்சுக்கு 5,000 கிலோ என்று கட்டுப்பாடு போடுகிறார்கள். அரசாங்கம் தன் வீதியையே அப்படிப் பார்த்துக்கொள்ளும்போது, புதிதாகத் தார் போட்ட ட்ரைவ்வேயில் ஏப்ரலில் பின் இறக்கச் சம்மதிப்பது சரியில்லை. தார் நன்றாக இறுகச் சில மாதங்கள், சிலவேளை ஒரு வருடம்கூட எடுக்கும்.

வேறு வழியில்லையென்றால் சில்லுகளுக்குக் கீழே தடித்த பலகை போடச் சொல்லுங்கள். ஓரத்தில் வேண்டாம், பக்கவாட்டில் பிடிமானம் இல்லாததால் அங்கேதான் முதலில் உடையும். டீசல், எஞ்சின் ஒயில் ஒழுகினால் உடனே துடையுங்கள், அவை தாரைக் கரைத்துவிடும்.

லொறி ஓட்டும் நம்மவர்கள் பலர் வண்டியை வீட்டிலேயே நிறுத்துகிறார்கள். அது உங்கள் காணிதான், ஆனாலும் பல நகரசபைகள் குடியிருப்புப் பகுதியில் நிறுத்தும் வாகனத்தின் நீளத்துக்கும் உயரத்துக்கும் எல்லை வைத்திருக்கின்றன. ரொறன்ரோவிலும் பிரம்ரனிலும் 311ஐ அழைத்துக் கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் அழைக்குமுன் நீங்கள் அழைப்பது உத்தமம். நடைபாதைக்கும் வீதிக்கும் இடைப்பட்ட துண்டு நகரசபையுடையது. அதை உடைத்தால் பில் உங்களுக்கு வரலாம். ரொறன்ரோவில் பல வகைக் கட்டட அனுமதிகளுக்கு இதற்கென்றே வைப்புப் பணம் வாங்குகிறார்கள். வேலை தொடங்குமுன் நடைபாதையைப் படம் எடுத்து வையுங்கள். அனுமதிக்கு முந்திய வெடிப்புக்கும் நீங்களே காசு கட்டாமல் இருக்கலாம்.

வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், அங்கே இருப்பவரோ அவரிடம் வந்தவரோ கவனக்குறைவால் சேதம் செய்தால், ஒன்ராறியோ வாடகைச் சட்டப்படி வாடகைக்காரரே பொறுப்பு.

இனி அந்தப் பொடி எழுத்து. ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவை நியாயமான தரத்தில் இருக்கவேண்டும் என்கிறது. அந்த உரிமையை இல்லாமல் செய்யும் நிபந்தனை செல்லாது. பலகை போடாமல் இறக்கினான், ஓரத்தில் ஏற்றினான், வேண்டாமென்று சொன்ன இடத்தில் வைத்தான் என்று காட்ட முடிந்தால் உங்கள் பக்கம் பலம் இருக்கிறது. ஆனால் அடித்தளமே ஏற்கெனவே பழுது என்று எதிர்த்தரப்பு சொல்லும். பின் வருமுன் எடுத்த படம் கையில் இல்லாவிட்டால் அதற்குப் பதில் சொல்வது கடினம். பள்ளத்தின் குறுக்கே நேரான கட்டையை வைத்து, நடுவில் அடிக்கோலை நிறுத்திப் படம் எடுங்கள். இரண்டு இடத்தில் மதிப்பீடு வாங்குங்கள். பிறகு எழுத்தில் கடிதம். தொலைபேசியில் சண்டை பிடித்துப் பயனில்லை.

அதற்கும் மசியாவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம். அங்கே கேட்கக்கூடிய தொகை 2025 ஒக்ரோபரில் 50,000 டொலராக உயர்த்தப்பட்டது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. சேதம் தெரிந்ததிலிருந்து பொதுவாக இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். இருபது வருடப் பழைய ட்ரைவ்வேக்குப் புதியது போடும் முழுச்செலவும் கிடைக்குமென்று எதிர்பார்க்காதீர்கள். பழசானதற்கான தேய்மானத்தைக் கழித்துத்தான் பார்ப்பார்கள்.

பள்ளத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டி, "பக்கத்துத் தெரு வேலையில் தார் மிஞ்சிவிட்டது, அரை விலைக்குப் போட்டுத் தருகிறோம்" என்று சொல்பவர்களும் வருவார்கள். அடித்தளம் அமுங்கிய இடத்தில் மேலே பூசும் கறுப்புப் பூச்சு வெறும் நிறம்தான். அவசரத்தில் வீட்டு வாசலில் வைத்தே கையெழுத்துப் போட்டுவிட்டால், 50 டொலருக்கு மேற்பட்ட அத்தகைய ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமலே ரத்துச் செய்யலாம்.