அறுவடைக்கு ஆள் கேட்கும் ஜெபம்

கம்பம் பள்ளத்தாக்கில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்தது கூடலூர். 1895ஆம் ஆண்டில் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பட்ட பின், மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பி இப்பள்ளத்தாக்கின் வயல்களை வளப்படுத்தியது. ஆனால் நெல் முற்றியபின் அறுப்புக்கு ஆள் கிடைக்காவிடில், நீரும் எருவும் உழைப்பும் கூடி விளைத்த மணி வயலிலேயே உதிர்ந்துபோகும். உழவரின் இந்தக் கவலையையே இயேசுநாதர் உவமையாக எடுத்தாண்டார். அறுப்புக்கு ஆள் போதாதபோது வயலுக்கு உடையவரிடமே ஆள் கேட்க வேண்டும் என்று அவர் சீடர்க்கு அறிவுறுத்தியதை மத்தேயு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் காணலாம்.

கத்தோலிக்கப் பங்குகளில் தேவ அழைத்தலுக்காகச் செய்யப்படும் ஜெபத்திற்கு மூலம் இதுவே. குருக்களாகவோ துறவியராகவோ வாழ ஒருவர் உள்ளத்தில் எழும் இறைத்தூண்டுதலைத் தேவ அழைத்தல் என்பர். இதற்கென ஒரு நாளை 1964ஆம் ஆண்டில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் ஏற்படுத்தினார். உயிர்ப்புத் திருநாட் காலத்தின் நான்காம் ஞாயிற்றுக்கிழமை உலகெங்கும் அந்நாளாகக் கொள்ளப்படுகிறது.

குரு இல்லாவிடில் என்ன குறை? ஜெபமும் மறைக்கல்வியும் பொதுமக்களாலும் நடத்தப்படலாம். திருப்பலியோ பாவசங்கீர்த்தனமோ குருவின்றி நடைபெறாது. மதுரை நாடு இக்குறையைக் கண்கூடாகக் கண்டது. 1606ஆம் ஆண்டில் ராபர்ட் தெ நொபிலி அடிகளார் வந்த பின் இங்கே சேசு சபையாரின் பணி வளர்ந்தது. 1773ஆம் ஆண்டில் பாப்பரசரின் ஆணையால் அச்சபை கலைக்கப்பட்டது. இருந்தவர்கள் மூப்படைந்து மறைய, குருக்கள் மிகச் சிலராயினர். கிராமங்களில் விசுவாசத்தைக் காத்து நின்றவர்களுள் உபதேசியார்கள் முதன்மையானவர்கள். 1838ஆம் ஆண்டில் பிரெஞ்சு சேசு சபையார் மதுரை நாட்டுக்கு மீண்டும் வந்தனர். அவர்களுள் பலர் சில ஆண்டுகளிலேயே நோய்க்கு இரையாயினர். கடல் கடந்து வருவோரை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது, இந்நாட்டுப் பிள்ளைகளே முன்வர வேண்டும் என்பது அக்காலத்தில் தெளிவாயிற்று. 1844ஆம் ஆண்டில் பாண்டிச்சேரியில் கூடிய திருச்சபை மன்றம் உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதை வற்புறுத்தியது. அதே ஆண்டில் அந்நகரில் துப்புயி அடிகளார், பெண் கல்விக்கெனத் தமிழ்க் கன்னியர் சபை ஒன்றைத் தொடங்கினார். 1923ஆம் ஆண்டில் தூத்துக்குடி மறைமாவட்டம் அமைந்தபோது, இந்நாட்டவரான ரோச் ஆண்டகை அதன் முதல் மேற்றிராணியாரானார்.

“ஆள் வேண்டும் என்பது இறைவனுக்குத் தெரியாதா? நாம் ஏன் கேட்க வேண்டும்?” என்று கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் வினவினார். நல்ல வினா. இறைவனுக்குச் செய்தி சொல்வது இந்த ஜெபத்தின் நோக்கமன்று. கேட்பவரின் மனத்தைத் திறப்பதே அதன் பயன் என்று நான் கருதுகிறேன். “ஆண்டவரே, குருக்களைத் தாரும்” என்று கோவிலில் வேண்டும் தாய், தன் மகனே அந்த எண்ணத்தோடு வந்து நிற்கும்போது என்ன சொல்வாள்? அடுத்த வீட்டுப் பிள்ளையை அனுப்பும் என்று கேட்பது எளிது. தன் வீட்டுப் பிள்ளையைத் தடுக்காதிருப்பதே கடினம். குடும்பத்தைத் தாங்கும் ஒரே மகன் என்றால், அந்தத் தயக்கத்தை நாம் இகழவும் கூடாது.

ஜெபம் வேறு, வற்புறுத்தல் வேறு. குருப்பட்டம் பெறுமாறு ஒருவரை எவ்வகையிலும் கட்டாயப்படுத்தலாகாது என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் கண்டிப்பாக விலக்குகிறது. குருமடத்தில் தத்துவமும் இறையியலும் குறைந்தது ஆறு ஆண்டுகள் கற்க வேண்டும்; குருப்பட்டத்திற்கு இருபத்தைந்து வயது நிறைந்திருக்க வேண்டும். இந்நீண்ட காலம் ஆராய்ந்து தெளிவதற்கே. தனக்குரிய வழி இதுவன்று எனக் கண்டு இடையில் திரும்பி வருபவரை ஊரார் ஏளனமாகப் பேசுவது பெரும் அநீதி.

ஏற்கெனவே குருவாய் இருப்பவர்க்காகவும் பங்கு மக்கள் ஜெபிக்கிறார்கள். அவரும் சோர்வும் தனிமையும் உடைய மனிதரே. அவருக்காக வேண்டுபவர், அவரிடம் குறை கண்டால் நேரில் எடுத்துச் சொல்லவும், சுமை கண்டால் தோள் கொடுக்கவும் கடமைப்பட்டவர். மாணவர்களே, எந்தச் சமயத்தவராயினும் நீங்கள் இதில் ஒன்றை ஆராயலாம்: ஒரு நற்பணிக்கு ஆள் வேண்டும் என்று விரும்பும் நாம், அந்த ஆள் நம் வீட்டிலிருந்து புறப்பட்டால் வழிவிடுவோமா?