பிள்ளை எஸ்.எஸ்.டி. கேட்கிறானா? வாங்கித் தரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பத்தாம் வகுப்பையொட்டிய வயதில் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். “அப்பா, நம்ம கம்ப்யூட்டருக்கு ஒரு எஸ்.எஸ்.டி. மட்டும் போட்டா போதும்ப்பா, பறக்கும்!” யூடியூபில் வீடியோ வீடியோவாகப் பார்த்திருப்பான். ரேம், ஜென் 4, என்.வி.எம்.இ. என்று சாப்பாட்டு நேரத்திலும் அதே பேச்சாக இருக்கும். உங்களுக்கு அதில் பாதி புரியாது. பணம் கேட்கிறான் என்பது மட்டும் நன்றாகப் புரியும்.

அவன் சொல்வதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆசை என்று நீங்களே பார்த்து முடிவெடுக்கலாம். அதற்குத் தேவையானதை இங்கே சொல்கிறேன். கேட்பது மகளாக இருந்தாலும் விஷயம் இதேதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் கம்ப்யூட்டர் சில வருடம் பழையது, அதில் இருப்பது ஹார்டு டிஸ்க் என்றால், பிள்ளை சொல்வது சரி.

முதலில் ஹார்டு டிஸ்க் என்றால் என்ன? கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் உங்கள் போட்டோ, பாட்டு, ஃபைல் எல்லாம் அழியாமல் இருக்கும் இடம் அது. விண்டோஸும் அங்கேதான் குடியிருக்கிறது. ஹார்டு டிஸ்க்கைப் பிரித்தால் உள்ளே காந்தப் பூச்சுள்ள வட்டத் தட்டு இருக்கும். நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். அதன் மேல் கிராமபோன் முள்ளைப் போல ஒரு சிறு கை அங்கும் இங்கும் போய் வரும். ஆனால் இந்தக் கை தட்டைத் தொடாது. தொட்டால் தட்டில் கீறல் விழும், ஃபைல் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைத் தட்டாதே, ஆட்டாதே என்று சொல்வது இதனால்தான்.

இது 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த முறை. முதல் இயந்திரத்தில் 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். ஒரு டன்னுக்கு மேல் எடை. அத்தனையும் சேர்ந்து பிடித்து வைத்தது ஏறக்குறைய 50 லட்சம் எழுத்துகள். இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒன்றிரண்டு போட்டோவுக்கே அந்த இடம் சரியாகப் போகும். ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இந்தச் சாமான்கள்மேல் ஏன் இத்தனை மோகம் என்பதற்கு இந்த வளர்ச்சியே பதில் என்று எனக்குத் தோன்றும்.

சரி, ஹார்டு டிஸ்க் ஏன் மெதுவாக இருக்கிறது? ஒவ்வொரு தடவையும் அந்தக் கை நகர வேண்டும், வேண்டிய இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். ஆனால் விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடிப் படிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கை ஓட வேண்டும் என்றால் நிமிடக் கணக்கில் போகாமல் என்ன செய்யும்?

எஸ்.எஸ்.டி.யில் (தட்டு இல்லாத, வெறும் சில்லுகளால் ஆன சேமிப்புக் கருவி) சுற்றுவதற்கோ நகர்வதற்கோ எதுவும் இல்லை. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம்தான் உள்ளே இருக்கிறது. பென்டிரைவிலும் உங்கள் போனிலும் இருப்பது அதே வகை. கேட்ட ஃபைலை ஹார்டு டிஸ்க்கைவிட நூறு மடங்கு சீக்கிரம் எட்டிவிடும். கம்ப்யூட்டர் ஆன் ஆவது, பிரவுசர் திறப்பது எல்லாவற்றிலும் வித்தியாசத்தை நீங்களே உணர்வீர்கள்.

நம் கம்ப்யூட்டரில் இருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் (கம்ப்யூட்டரின் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் திரை) திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குப் போனால் டிஸ்க் என்ற இடத்தில் ஹெச்.டி.டி. என்றோ எஸ்.எஸ்.டி. என்றோ போட்டிருக்கும். ஹெச்.டி.டி. என்றால் ஹார்டு டிஸ்க். கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் இதைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் அப்படியே நிற்கிறது, பிராசஸரோ (கணக்குப் போடும் மூளைப் பகுதி) பத்துப் பதினைந்து சதவீதத்தில் சும்மா இருக்கிறது என்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

அதே திரையில் மெமரியையும் பாருங்கள். அதுதான் ரேம் (வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும், அணைத்தால் காலியாகிவிடும் நினைவகம்). அது 4 ஜி.பி.தான், எப்போது பார்த்தாலும் நிரம்பி வழிகிறது என்றால் அதுவும் ஒரு குறை. வீட்டு வேலைக்கும் பள்ளிப் பாடத்துக்கும் 8 ஜி.பி. போதும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எஸ்.எஸ்.டி.யை முதலில் வாங்குங்கள் என்பேன். ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில்தான் எழுதி வைக்கிறது. டிஸ்க் வேகமானால் அந்தத் திணறலும் ஓரளவு குறையும். போதாக்குறைக்கு, 2025 இறுதியில் ரேம் விலை கிடுகிடுவென்று ஏறியது. ஏ.ஐ. நிறுவனங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதுதான் காரணம். எஸ்.எஸ்.டி. விலையும் கூடவே ஏறியது. எதை வாங்கினாலும் அன்றைய விலையை இரண்டு மூன்று இடத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனி, எந்த எஸ்.எஸ்.டி.? இங்கேதான் பணம் வீணாகும். சாட்டா (பழைய ஹார்டு டிஸ்க் மாட்டும் அதே கேபிள்) வகை ஒன்று. உள்ளங்கைக்குள் அடங்கும் மெல்லிய பெட்டியாக இருக்கும். நொடிக்கு ஏறக்குறைய 550 எம்.பி. வரை படிக்கும். கடந்த பதினைந்து வருடங்களில் வந்த ஏறக்குறைய எல்லா டெஸ்க்டாப்பிலும் பொருந்தும்.

மற்றது எம்.2. சூயிங்கம் பட்டை அளவுக்கு 22 மில்லிமீட்டர் அகலம், பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளம். நேராக மதர்போர்டிலேயே (எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பெரிய பலகை) படுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவத்தில் சாட்டாவும் வருகிறது, என்.வி.எம்.இ. (சாட்டாவைவிடப் பல மடங்கு வேகமான வழி) வகையும் வருகிறது. ஒன்றுக்கான இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். அதனால் மதர்போர்டின் மாடல் பெயரைப் பார்த்து, அதன் கையேட்டைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். இந்த வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள், ஆசையோடு செய்வான். அவன் தன்னை அறியாமல் பாடம் படிக்கும் நேரம் அது.

என்.வி.எம்.இ.யில் ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) நொடிக்கு 3,500 எம்.பி., ஜென் 4 என்றால் 7,000 எம்.பி. என்று அவன் அடுக்குவான். எண்கள் சரிதான். ஆனால் பழைய மதர்போர்டில் ஜென் 4-ஐ மாட்டினாலும் அது அந்தப் பலகையின் வேகத்துக்குத்தான் ஓடும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாதாரண எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது தெரியும் வித்தியாசம், ஒரு எஸ்.எஸ்.டி.யிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தெரியாது. அன்றாட வேலைக்கு விலை குறைந்த வகையே தாராளம்.

கேம் வேகமாக ஓடுமா? கேம் சீக்கிரம் திறக்கும், அடுத்த கட்டம் சீக்கிரம் வரும், அவ்வளவுதான். காட்சி வழுக்கிக்கொண்டு ஓடுவது கிராஃபிக்ஸ் கார்டு (திரைக் காட்சிகளை வரையும் பாகம்) பார்க்கும் வேலை. அடுத்த மாதம் அதையும் கேட்பான். அப்போது எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) அந்தச் சுமையைத் தாங்குமா என்று மட்டும் முதலில் கேளுங்கள்.

அளவு 500 ஜி.பி. சுற்றி இருந்தால் நல்லது. மாட்டியதும் திரையில் 465 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 1,024-ஆக எண்ணுகிறது. இடம் ஒன்றுதான், எண்ணும் முறைதான் வேறு. 1 டி.பி. (1,000 ஜி.பி.) வாங்கினால் 931 என்று காட்டும்.

உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் நடக்கிறது. சில நூறு ரூபாய்க்கு 16 டி.பி. என்று ஆன்லைனில் வரும் பென்டிரைவும் எஸ்.எஸ்.டி.யும் போலி. உள்ளே சின்னச் சில்லை வைத்து, பெரிய எண்ணைக் காட்டும்படி செய்திருப்பார்கள். காப்பி செய்யும்போது எல்லாம் ஏறியதுபோல் தெரியும், பிறகு திறந்தால் ஃபைல் இருக்காது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் தெரிந்த கம்பெனிப் பொருளாக, பில்லோடு, வாரண்டியோடு வாங்குங்கள்.

எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேயும் என்கிறார்களே? தேயும், உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். சாம்சங் 870 ஈவோ 500 ஜி.பி. மாடலுக்கு 300 டி.பி. எழுதும்வரை அல்லது 5 வருடம்வரை வாரண்டி தருகிறார்கள். தினம் 20 ஜி.பி. எழுதினாலும் அந்த 300 டி.பி.யை எட்ட நாற்பது வருடம் ஆகும். வீட்டு உபயோகத்துக்கு இந்தக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வேறொன்றுக்கு. கெட்டுப்போகப் போகும் ஹார்டு டிஸ்க் பல சமயம் கடக் கடக் என்று சத்தம் போட்டு முன்னறிவிப்புத் தரும். எஸ்.எஸ்.டி.யோ நேற்றுவரை நன்றாக ஓடி, இன்று காலை கண்ணே திறக்காமல் போகலாம். அதோடு, எஸ்.எஸ்.டி.யில் அழித்த ஃபைலின் இடத்தை அதுவே துடைத்துச் சுத்தமாக்கிவிடும். பிறகு கடையில் கொடுத்து மீட்பது மிகக் கடினம்.

அதனால் கல்யாண போட்டோ, பிள்ளைகளின் சான்றிதழ், பத்திர ஸ்கேன் போன்றவை ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. மூன்று நகல், இரண்டு வகைக் கருவி, அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவ் போன்ற இடத்திலோ ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ ஒன்று என்றால் போதும். மாதம் ஒரு முறை நகலெடுக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். எஸ்.எஸ்.டி. வாங்கித் தருவதற்கு இதையே நிபந்தனையாக வைக்கலாம்.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதன் உடல்நிலையைச் சொல்லும். நன்றாக இருந்தால் டெஸ்க்டாப்பில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டிப் படங்களை அதில் வையுங்கள். விண்டோஸுக்கு எஸ்.எஸ்.டி., சேமிப்புக்கு ஹார்டு டிஸ்க் என்ற இந்தக் கூட்டணி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மிகவும் பொருத்தம். லேப்டாப்பில் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கும். கழற்றியதை யு.எஸ்.பி. பெட்டியில் போட்டு, அதையே நகலெடுக்கும் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம்.

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப் உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறதா? அதிலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் எஸ்.எஸ்.டி.யாக மாற்றிப் பார்க்கலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11-க்குப் பிராசஸரும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையிலிருந்து. எஸ்.எஸ்.டி. போட்டதால் அந்தத் தடை நீங்காது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் (விண்டோஸுக்குப் பதில் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்) போட்டுக்கொள்ளலாம்.

மாட்டுவதற்குக் கடைக்குத்தான் போக வேண்டுமா? டெஸ்க்டாப் என்றால் தேவையில்லை. என் அக்கா மகன் தரையில் செய்தித்தாளை விரித்து கேபினெட்டைப் பிரித்தபோது பக்கத்தில் இருந்தேன். எந்த ஒயரையும் தொடும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் வரிசையாக வைத்தான். அந்த இரண்டு பழக்கமும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆன் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்ற வேண்டும். கேபினெட்டின் இரும்பை ஒரு முறை தொட்டால் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் (துணி உரசித் தேங்கும் மின்சாரம்) போய்விடும். சாட்டா கேபிளின் முனை ‘ட’ வடிவத்தில் இருப்பதால் ஒரு பக்கமாகத்தான் நுழையும். நுழையவில்லை என்றால் திருப்பிப் பிடிக்க வேண்டும், அழுத்தக் கூடாது. எம்.2 என்றால் சாய்வாகச் செருகி, மெல்லக் கீழே அழுத்தி, நுனியில் ஒரு குட்டி ஸ்க்ரூ போட வேண்டும். அந்த ஸ்க்ரூ பெரும்பாலும் மதர்போர்டு பெட்டியோடுதான் வந்திருக்கும். அதை முதலிலேயே தேடி வைக்கச் சொல்லுங்கள்.

விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது. அதற்கு 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்று போதும். முறையான விண்டோஸ் 10 அல்லது 11 ஏற்கெனவே இருந்த கம்ப்யூட்டர் என்றால், இன்டர்நெட் இணைந்ததும் பெரும்பாலும் தானாகவே லைசென்ஸை அடையாளம் கண்டுகொள்ளும். லேப்டாப்பில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பாதுகாப்பு) போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணைக் கழற்றுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்.எஸ்.டி.க்கு ஆர்டர் போடும் முன் போட்டோக்களையெல்லாம் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். எடுத்தவை திறக்கின்றனவா என்று இரண்டு மூன்றைத் திறந்தும் பாருங்கள். அது முடிந்ததும் தயங்காமல் வாங்கிக் கொடுத்து, ஸ்க்ரூ டிரைவரையும் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள்.