இரண்டு சட்டங்களும் இடம் தராது
மூடிய காரின் கூரையை வெட்டித் திறந்த காராக்கும் ஆசை விபரீதத்தில் முடியலாம்

ஹரியானாவில், பஞ்சாப் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஊர் மண்டி டப்வாலி. ஜீப் பிரியர்களுக்கு அது ஒரு புண்ணிய க்ஷேத்திரம். ராணுவம் கழித்துக்கட்டிய ஜீப்கள் ஏலத்தில் இங்கு வந்து சேரும். பட்டறைக்காரர்கள் தட்டி, நிமிர்த்தி, வர்ணம் பூசி, அகன்ற டயர்களை மாட்டுவார்கள். கூரையே இல்லாத 'லண்டி' ஜீப்பாக அது வெளியே வரும். கல்யாண ஊர்வலம் முதல் கல்லூரி வாசல் வரை அதற்கு ஏக மவுசு.

ஜீப்பில் செய்ததைக் காரில் செய்தால் என்ன? வெயில் தாழ்ந்த நேரத்தில் மேலே இரண்டு பலகைகளைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டுக் காற்று வாங்கியபடி போகலாம். மழை வந்தால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். இந்த ஆசை வெல்டிங் மெஷினும் துணிச்சலும் இருந்தால் நிறைவேறிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அங்குதான் தப்பு நடக்கிறது.

பழைய ஜீப்புக்கு அடியில் கனமான இரும்புச் சட்டம் இருக்கிறது. எஞ்சின், சக்கரம், ஆட்கள் என எல்லா பாரத்தையும் அதுவே தாங்கும். கூரை வெறும் குடைதான். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தரை, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்த ஒரே கூடுதான் பாரத்தைச் சுமக்கிறது. மூடியுள்ள தகரப் பெட்டியை முறுக்கிப் பாருங்கள், அசையாது. மூடியைப் பிய்த்துவிட்டு முறுக்கினால் கோணிக்கொள்ளும். கூரை போன காரின் கதியும் அதுதான்.

முதல் அறிகுறி கதவுகளில் தெரியும். கூரையை அறுத்ததும் நடுப்பகுதி தொய்ந்து, கதவு மூடாது, அல்லது மூடிய கதவு திறக்காது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ரம்பத்தைத் தொடும் முன்பே கதவு இடைவெளிகளுக்குக் குறுக்கே தற்காலிகக் கம்பிகளை வெல்டிங் செய்துவிடுவார்கள். பிறகு கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டிச் சட்டங்களைத் தடிமனாக்க வேண்டும். முன்கண்ணாடிச் சட்டத்துக்கு வலுவூட்டி, இருக்கைக்குப் பின்னால் உறுதியான வளைவு நிறுத்த வேண்டும். இத்தனை இரும்பும் சேர்வதால் திறந்த கார் பல சமயம் மூடிய காரைவிடக் கனமாகிவிடுகிறது.

பெரிய தொழிற்சாலைகளே இதில் திணறியிருக்கின்றன. கழற்றும் பலகைகள் கொண்ட கூரைக்கு அமெரிக்க வடிவமைப்பாளர் கார்டன் பியூரிக் 1951இல் காப்புரிமை பெற்றார். 1968ஆம் ஆண்டின் செவ்ரோலே கார்வெட்டில் அது பிரபலமானது. அந்தக் காரின் கூரை முழுவதையும் கழற்றும்படி செய்யவே முதலில் திட்டம். ஆனால் உடல் முறுக்கிக்கொண்டதால் நடுவே நீளவாக்கில் ஒரு பட்டையை விட்டுவைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'டி' எழுத்து போலத் தெரியும். அதுவே 'டி-டாப்' ஆயிற்று. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1965இல் காட்டிய 911 டார்கா காரில் நடுப்பட்டை இல்லை. பதிலாக, கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க இருக்கைக்குப் பின்னால் அகன்ற எஃகு வளைவு இருந்தது.

அடுத்த எதிரி தண்ணீர். பலகையும் கூடும் சேரும் இடங்களில் ரப்பர் பட்டை எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் கொஞ்சம் நீர் கசியவே செய்யும். அதைக் காலுவாய் வழியாகத் தூணுக்குள் இறக்கித் தரைக்கு விட வேண்டும். வழி அடைத்தால் நீர் பக்கவாட்டுப் பெட்டிச் சட்டத்துக்குள் தேங்கித் துருப்பிடிக்கும். கூரை போன பிறகு காரைத் தாங்குவதே அந்தச் சட்டம்தான். நம் ஊர் மழைக்காலங்கள் இரண்டு மூன்று போதும், வெளியே பளபளக்கும் கார் உள்ளே உளுத்திருக்கும். புதிய கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கவாட்டு மோதலில் தலையைக் காக்கும் திரை ஏர்பேக் கூரை ஓரத்தில்தான் சுருண்டிருக்கிறது. கூரையை அறுப்பவர் அதையும் சேர்த்தே இழக்கிறார்.

இரும்புச் சட்டத்தைச் சமாளித்தாலும் அரசுச் சட்டம் விடாது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. மாற்றங்களுக்கு இடம் தந்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ரத்தானது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து நேர்ந்தால் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கக்கூடும். பட்டறைக்காரர் அப்போது பக்கத்தில் இருக்கமாட்டார்.

வேடிக்கை என்னவென்றால், கூரையைச் சுலபமாகக் கழற்றக்கூடிய கார் ஒன்று 1960களில் சென்னையிலேயே தயாரானது. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டை அடியொற்றி வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குத் தனி இரும்புச் சட்டம் உண்டு. மேல்பகுதி போல்ட் போட்டு முடுக்கியதுதான். பிரிட்டனில் பழைய ஹெரால்டுகளைத் திறந்த கார்களாக மாற்றியவர்கள் பலர். இங்கு அதைச் செய்ய நினைப்பவர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பதிவுச் சான்றிதழில் உடல் வகை என்னவென்று பார்ப்பது நல்லது.

ஆசை விடவில்லை என்றால் வழி இல்லாமல் இல்லை. திறந்த கூரையுடன் தொழிற்சாலையிலிருந்தே வரும் வாகனத்தை வாங்கலாம். மாருதி ஜிப்ஸி பல்லாண்டுகள் துணிக்கூரையுடன் விற்றது. 2020இல் வந்த மஹிந்திரா தார் வரிசையிலும் மடக்கும் கூரை கொண்ட வகை இடம்பெற்றது. விலை கூடத்தான். ஆனால் அந்த விலையில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத இரும்புக்கும் சோதனைகளுக்கும் போகிறது. கார் தலைகீழாகக் கவிழும் அந்த ஒரு விநாடியில் உள்ளே இருப்பவரின் தலைக்கும் தார்ச் சாலைக்கும் நடுவே நிற்கப்போவது அது மட்டும்தான்.